தம்பி சோம்பேறியா, இல்ல காலம் சரியில்லையா?

பேர் போட வேண்டாம்னு கேட்டு ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கமா சொல்றேன். அவங்களுக்கு 31 வயசு, வேலைல இருக்காங்க, அப்பா ரிட்டயர் ஆயிட்டார், வீட்டு செலவுல பெரும் பங்கு இவங்களோடதுதான். தம்பிக்கு 25. படிச்சு முடிச்சு ஒரு கம்பெனில சேர்ந்தார், ஆள்குறைப்பு வந்தப்ப அவர் இருந்த டீமையே மூடிட்டாங்க, 14 மாசமா வீட்லதான் இருக்கார். முதல் நாலஞ்சு மாசம் தினமும் அப்ளை பண்ணிட்டு இருந்தவர் இப்போ பகல் 12 மணி வரைக்கும் தூங்குறார், ராத்திரி பூரா மொபைல். கேட்டா "மார்க்கெட் சரியில்ல"ங்கிறார், அப்பாவோ "உடம்பு வளைய மாட்டேங்குது"ங்கிறார், தினமும் சாயங்காலம் இதே சண்டை. நடுவுல கம்மி சம்பளத்துல ரெண்டு வேலை வந்துச்சாம், போனா ரெஸ்யூம் கெட்டுடும்னு வேண்டாம்னுட்டார். இவங்க அப்பாவுக்கு தெரியாம கைச்செலவுக்கு பணம் தர்றாங்க, ரெஸ்யூம் திருத்தி கொடுக்குறாங்க, சில சமயம் அவர் பேர்ல இவங்களே அப்ளையும் பண்றாங்க. இப்போ புதுசா ஒண்ணு: முடிச்சா வேலை கேரண்டினு ஒரு கோர்ஸ், அதுக்கு லோன், லோனுக்கு அக்கா ஜாமீன் கையெழுத்து போடணுமாம், அடுத்த வாரமே. "பணத்தை சுத்தமா நிறுத்திட்டா புத்தி வருமா? கையெழுத்து போடலாமா? எங்க காலத்துல நாங்க இப்படி இல்லையே, ஏன் இந்த பசங்க இப்படி ஆயிட்டாங்க?" இதுதான் கேள்வி. கடைசில, இந்த பதிலை தம்பிகிட்ட காட்டலாமானும் கேட்டிருக்காங்க.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லல, அவசரமானதை முதல்ல சொல்லிடுறேன்.

அந்த கையெழுத்து

அடுத்த வாரம் போடாதீங்க. போடவே கூடாதுனு சொல்ல வரல, அடுத்த வாரம் வேண்டாங்கிறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா கடன் சிக்கல்ல உடைஞ்சு போன அக்கா தம்பிங்க நிறைய பேர் கவுன்சலிங்குக்கு வந்திருக்காங்க, அதை வச்சு சொல்றேன். ஜாமீன் போடுறதுன்னா "நல்ல பையன்தான், எனக்கு தெரியும்"னு சொல்ற சர்டிபிகேட்னு நிறைய பேர் நெனச்சுக்குறாங்க. அப்படி கிடையாது, அவர் கட்டலைன்னா கடன் உங்களுது. நிறைய நாட்டு சட்டத்துல, கடன் வாங்கினவரை முழுசா துரத்தி முடிச்சிட்டுதான் ஜாமீன்தாரர்கிட்ட வரணும்னு கட்டாயம்கூட இல்ல, நேரா உங்ககிட்டயே வரலாம், தவணை தவறினா உங்க பேர்ல இருக்குற கடன் வரலாறும் கெடலாம். மேல படிக்கிறதுக்கு சேர்த்து வச்சிருக்கேன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு தாண்டி போயிட்டீங்க பாருங்க, கையெழுத்து போட்டா ஆபத்துல இருக்குறது அந்த காசுதான்.

அடுத்தது அந்த கோர்ஸ். வேலை கேரண்டினு வாயால சொல்றாங்களா, ஒப்பந்தத்துலயே இருக்கான்னு பாருங்க. விளம்பரத்துல கேரண்டினு இருக்கும், பேப்பர்ல "வேலை தேட உதவி செய்வோம்"னு இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. வேலை கிடைக்கலைன்னா பணம் திரும்ப வருமா, எத்தனை மாசத்துல, யாருக்கு, லோன் கொடுத்தவங்களுக்கா உங்களுக்கா? போன பேட்ச்ல முடிச்சவங்க சிலர்கிட்ட பேசணும், அதுவும் அவங்க காட்டுற ஆள்கிட்ட இல்ல, தம்பியே தேடி பிடிக்கிற ஆள்கிட்ட. பேப்பரை வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிக்க விடமாட்டேன்னு சொன்னா அதோட கிளம்பி வந்துடுங்க. இதுவே கோர்ஸா இல்லாம, நேரடியா வேலை வாங்கித் தர்றேன்னு காசு கேக்குற ஏஜென்சியா இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிங்க வேலை தேடுறவங்ககிட்ட கட்டணம் வாங்கக்கூடாதுங்கிறதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1997ஆம் வருஷத்து 181ஆம் உடன்படிக்கைல இருக்குற பொது விதி. சில விதிவிலக்கு உண்டு, எல்லா நாடும் கையெழுத்து போட்டதும் இல்ல, இருந்தாலும் உலகம் எதை நியாயம்னு நெனைக்குதுங்கிறதுக்கு அது ஒரு அளவு.

இந்த விசாரணை எல்லாத்தையும் தம்பிதான் பண்ணணும். நீங்க பண்ணிடாதீங்க. அவர் பண்ணி முடிச்சு, கோர்ஸ் நல்லதுதான்னு உங்களுக்கும் தோணுச்சுன்னா, ஜாமீன் போடாம ஒரு பங்கை மட்டும் நேரடியா கட்டலாமான்னு அப்போ யோசிங்க, திரும்பி வராட்டியும் பரவால்லன்னு நீங்க நெனைக்கிற அளவுக்கு மட்டும்.

சோம்பேறித்தனம்னு எதை வச்சு சொல்றோம்

31 வயசுலயே "எங்க காலத்துல"னு ஆரம்பிச்சுட்டீங்களேம்மா, உங்களுக்கும் தம்பிக்கும் நடுவுல ஆறு வருஷம்தான்! கோவிச்சுக்காதீங்க. 2019ல ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, தன்கிட்ட எந்த குணம் தூக்கலா இருக்கோ அதுதான் இந்த காலத்து பசங்ககிட்ட குறைஞ்சு போச்சுனு பெரியவங்களுக்கு தோணுதாம், நிறைய படிக்கிறவங்களுக்கு பசங்க படிக்கிறதில்லனு தோணும். நீங்க நல்லா உழைக்கிறவங்க, அதனால உங்க கண்ணு முதல்ல எங்க போகும்னு சொல்லணுமா?

நீங்க படிச்சு முடிச்ச ரெண்டு மாசத்துல வேலை கிடைச்சுதுனு எழுதியிருக்கீங்க. அதுல உங்க உழைப்பு எவ்வளவு, அந்த வருஷத்து காத்து எவ்வளவுனு பிரிச்சு பாருங்க. ஸ்பெயின்ல 2007 வாக்குல 25 வயசுக்கு கீழ இருக்குறவங்கள்ல வேலை தேடுற 100 பேருக்கு 18 பேர் மாதிரிதான் வேலை இல்லாம இருந்தாங்க, 2013ல அது 55 கிட்ட போயிடுச்சு. ஆறு வருஷத்துல ஒரு நாட்டு பசங்களுக்கு மொத்தமா சோம்பேறித்தனம் தொத்திக்கிச்சுனு யாராவது நம்புவாங்களா? மாறினது பொருளாதாரம். அதனால தம்பி "மார்க்கெட் சரியில்ல"னு சொல்றப்ப சாக்கு சொல்றான்னு உடனே எடுத்துக்காதீங்க, அதுல உண்மை இருக்கு.

சரி, அப்போ 12 மணி வரைக்கும் ஏன் தூங்கணும், மார்க்கெட்டா தூங்க சொல்லுதுனு அப்பா கேப்பார். அவர் கேள்வி நியாயம்தான், பதில்தான் அவர் நெனைக்கிற மாதிரி இல்ல. ஆஸ்திரியாவுல வியன்னா பக்கத்துல மரியன்தால்னு ஒரு சின்ன ஊர், ஊரே ஒரு நெசவு மில்லை நம்பி இருந்துச்சு, 1929 உலகப் பொருளாதார சரிவுக்கு அப்புறம் மில்லை மூடிட்டாங்க. மரீ யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், சைசல்னு மூணு சமூக ஆய்வாளர்கள் ஒரு குழுவோட போய் அந்த ஜனங்களை கவனிச்சு 1933ல எழுதினாங்க. வேலை இல்லைன்னா நேரம் நிறைய கிடைக்கும், ஜனங்க படிப்பாங்க, கூட்டம் போடுவாங்க, அரசியல் பேசுவாங்கனுதான் யாரும் நெனைப்போம். நடந்தது தலைகீழ். ஊர் லைப்ரரில புத்தகம் எடுக்குறது ரெண்டே வருஷத்துல பாதியா குறைஞ்சு போச்சு, தெருவுல ஆம்பளைங்க நடக்குற வேகமே குறைஞ்சுது, நடுவுல நடுவுல சும்மா நின்னாங்க, பெரும்பாலானவங்க கடிகாரம் கட்டுறதையே விட்டுட்டாங்க. காலைல என்ன பண்ணினீங்கன்னு கேட்டா சொல்ல ஒண்ணும் இல்ல. அதே ஊர்ல பொம்பளைங்க நடை மட்டும் அவ்வளவா தளரல, ஏன்னா மில்லு மூடினாலும் அடுப்பு, குழந்தை, துணி எல்லாம் அவங்க தலைமேலதான் இருந்துச்சு.

யஹோடா பின்னாடி இதை விளக்கி எழுதினப்ப, வேலை சம்பளம் மட்டும் தர்றதில்ல, ஒரு நாளுக்கு ஒரு ஒழுங்கு போட்டு தருது, வீட்டுக்கு வெளிய நாலு மனுஷங்களை தருது, நாமளும் ஒரு காரியத்துல இருக்கோம்ங்கிற நெனப்பை தருது, நான் இன்னார்னு சொல்லிக்க ஒண்ணு தருதுனு சொன்னாங்க. தம்பிக்கு 14 மாசமா இது எல்லாமே போச்சு. முதல் நாலஞ்சு மாசம் அவரே தினமும் அப்ளை பண்ணினார்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க, பிறவிலயே சோம்பேறியா இருக்குறவர் அதை பண்ணியிருப்பாரா? பதிலே வராத அப்ளிகேஷனை நூத்துக்கணக்குல அனுப்பி அனுப்பி, எது பண்ணினாலும் ஒண்ணும் நடக்கப்போறதில்லனு மனசு பழகிப் போச்சு. அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு அப்பா நம்புறார் போல, ஆனா இந்த மாதிரி சோர்ந்து போனவங்களை திட்டினா இன்னும் உள்ள போய் ரூம் கதவை சாத்திக்குவாங்க, எழுந்து ஓட மாட்டாங்க.

இதை எல்லாம் சொல்லி தம்பியை நான் காப்பாத்த பார்க்குறேன்னு நெனைக்காதீங்க. வேலை போனது அவர் தப்பு இல்ல, வேலை கிடைக்கிறதும் முழுசா அவர் கையில இல்ல. ஆனா நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, யாருக்கு போன் பண்றது, தன் பேர்ல போற அப்ளிகேஷனை தானே எழுதுறதா அக்காகிட்ட விடுறதா, இது எல்லாம் அவர் கையிலதான் இருக்கு. உங்க வீட்ல சாயங்காலம் நடக்குற சண்டை பூரா "யார் தப்பு"ங்கிறதை பத்தி. அதுல அப்பா ஜெயிச்சாலும் தம்பி ஜெயிச்சாலும் மறுநாள் காலைல எதுவும் மாறாது.

சின்ன வேலைக்கு போனா ரெஸ்யூம் கெட்டுடுமா

இதுல தம்பி சொல்றது பாதி சரி. 2013ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல ஆயிரக்கணக்குல போலி ரெஸ்யூம் தயார் பண்ணி கம்பெனிகளுக்கு அனுப்பி பார்த்தாங்க. சும்மா இருக்குற மாசம் கூட கூட இன்டர்வியூவுக்கு கூப்பிடுறது குறையுது, அந்த சரிவுல பெரும்பகுதி முதல் 8 மாசத்துலயே நடந்து முடிஞ்சிடுது. அதாவது தம்பி காப்பாத்த நெனைக்கிற அந்த சுத்தமான ரெஸ்யூம் ஏற்கனவே அவ்வளவு சுத்தம் இல்ல. அதே சமயம் வேற சில ஆய்வுகள்ல, படிப்புக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லாத வேலைல இருக்குறவங்களையும் கம்பெனிங்க கம்மியாதான் கூப்பிடுதுனு வந்திருக்கு. அதனால எந்த வேலை கிடைச்சாலும் போடானு அப்பா சொல்றதும் முழு சரி இல்ல.

என் கணக்கு இது. சம்பளம் கம்மிங்கிறதுக்காக ஒரு வேலையை தள்ளக்கூடாது, துறை ரொம்ப தூரமா இருந்தா யோசிக்கலாம். தன் துறைக்கு பக்கத்துல ஏதாவது ஒரு கதவு திறந்தா, பதவி சின்னதா இருந்தாலும் உள்ள போயிடணும், போறப்பவே ஒரு வருஷத்துல எங்க தாவுறதுனு மனசுல வச்சுக்கிட்டு போகணும். கனடாவுல 1970கள்ல இருந்து 90கள் வரைக்கும் காலேஜ் முடிச்சவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, மந்தமான நேரத்துல வெளிய வந்தவங்க ஆரம்பத்துல சுமார் 9 சதவீதம் கம்மியா சம்பாதிச்சாங்க, அந்த இடைவெளி மறைய பத்து வருஷம் மாதிரி ஆச்சு. பத்து வருஷம்னா நெஞ்சு அடைக்குதுதான். ஆனா எப்படி மறைஞ்சுதுனு பாருங்க, முதல்ல சுமாரான கம்பெனில நுழைஞ்சு, அங்க இருந்து நல்ல கம்பெனிக்கு தாவித் தாவிதான் மேல வந்தாங்க. தாவுறதுக்கு நிக்க ஒரு இடம் வேணும்ல. அப்புறம், இந்த அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழல, முன்னாடியே பின்தங்கி இருந்தவங்களுக்கு ரொம்ப நாள் வலிச்சுது, அதையும் மறைக்க கூடாது.

தூரமான வேலையே வந்தா? வீட்ல மூச்சு முட்டுதுன்னா அதுக்கும் போகலாம், பார்ட் டைமா, தேடுறதுக்கு பகல்ல நேரம் மிச்சம் இருக்குற மாதிரி. நாளுக்கு ஒரு ஒழுங்கு வருதே, அதுக்காகவே போகலாம்.

இன்னொண்ணு, இதை நான் எல்லா இளைஞர்களுக்கும் சொல்றதுண்டு. வேலை போன வெக்கத்துல பழைய ஆபீஸ்காரங்க, கூட படிச்சவங்க எல்லாரையும் விட்டு விலகிடுறாங்க, குரூப்ல இருந்தே வெளிய வந்துடுறாங்க, தம்பியும் அப்படித்தான்னு எழுதியிருக்கீங்க. வேலை வர்ற வழியே அதுதான். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1970கள்ல வெளியிட்ட ஒரு ஆய்வுக்காக ஒரு அமெரிக்க ஊர்ல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட விசாரிச்சப்ப, அந்த தெரிஞ்சவர் நெருங்கின ஆள் இல்ல, எப்பவாவது பார்க்குற ஆள்னு பாதிக்கு மேல சொன்னாங்க. நெருங்கினவங்களுக்கு நமக்கு தெரிஞ்சதேதான் தெரியும், தூரத்து ஆளுக்குத்தான் புது செய்தி வரும். "வேலை இருந்தா சொல்லுங்க"னு மொட்டையா மெசேஜ் அனுப்ப சொல்லல. "எங்க டீமை மூடிட்டாங்க, இந்த மாதிரி வேலை தேடுறேன், உங்க பக்கம் நிலைமை எப்படி இருக்கு"னு நாலு வரி போதும். 14 மாசத்துக்கு அப்புறம் அதை அனுப்ப கை நடுங்கும், நடுங்கட்டும்.

பணத்தை நிறுத்தலாமா

திடீர்னு சுத்தமா நிறுத்துறது, இப்ப மாதிரியே ரகசியமா கொடுத்துட்டே இருக்குறது, பேசி வச்சுக்கிட்டு வெளிப்படையா கொடுக்குறது, மூணு வழிதான் இருக்கு.

முதல் வழில சிலர் எழுந்துக்குவாங்க, மறுக்க மாட்டேன், ஆனா ஏற்கனவே உடைஞ்சு போய் இருக்குறவர் அவசரத்துக்கு தப்பான கடன்லயோ வேலை மோசடிலயோ போய் விழலாம். ரெண்டாவது வழில நீங்க நல்லவங்களா தெரியுறீங்க, ஆனா தம்பிக்கு என்ன போய் சேருதுன்னா "உன்னால முடியாது, நான் பார்த்துக்குறேன்"ங்கிற செய்தி. நீங்க எழுதின ரெஸ்யூமுக்கு, நீங்க பண்ணின அப்ளிகேஷனுக்கு இன்டர்வியூ வந்தா அவர் எதை பேசுவார்? அதோட அப்பாவுக்கு இது ஒருநாள் தெரியத்தான் போகுது, அன்னைக்கு சண்டை உங்க பக்கம் திரும்பும். உங்க லெட்டர்ல "நான் மட்டும் ஏன்"ங்கிறது நாலு இடத்துல வருது, அதை நீங்களே கவனிச்சீங்களானு தெரியல. பாசத்துல ஆரம்பிச்சது கசப்புல போய் முடியுறது இப்படித்தான்.

மூணாவது வழிக்கு ஒரு உட்காருதல் தேவை. சாயங்கால சண்டை நேரத்துல வேண்டாம், அப்பாவை வச்சுக்கிட்டும் வேண்டாம், நீங்க ரெண்டு பேரும் வெளிய நடந்துட்டே பேசுங்க. "வேலை போனது உன் தப்பு இல்லனு எனக்கு தெரியும், அதை பத்தி இனிமே பேசப்போறதில்ல. அடுத்த மூணு மாசம் எப்படி போகணும்னு மட்டும் பேசலாம்"னு ஆரம்பிச்சு பாருங்க. சோறு, தங்குற இடம், மருத்துவம் இது மூணும் எந்த பேரத்துலயும் வராதுனு முதல்லயே சொல்லிடுங்க, பயம் போனாத்தான் காது திறக்கும். போன் செலவு, இன்டர்வியூக்கு போற செலவு இதுக்கு மாசம் ஒரு தொகை அப்பாவுக்கு தெரிஞ்சே கொடுங்க.

பதிலுக்கு அவர்கிட்ட என்ன கேக்கலாம்? மூணு மாசத்துல வேலை வாங்கணும்னு கேக்காதீங்க, அது அவர் கையில இல்லாத விஷயம், கையில இல்லாததை நிபந்தனையா வச்சா தோத்துப் போறதுக்குனே போட்ட ஒப்பந்தம் ஆயிடும். காலைல இத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, வாரத்துக்கு ரெண்டு பழைய ஆளுங்ககிட்ட பேசுறது, அப்ளிகேஷனை தானே எழுதுறது, இப்படி செய்யக்கூடியதை கேளுங்க. அப்புறம் வீட்ல ஒரு பொறுப்பு, முழுசா அவரோடது. சும்மா கூடமாட ஒத்தாசை மாதிரி இல்ல, அப்பாவோட ஆஸ்பத்திரி, மருந்து, பேப்பர் வேலை எல்லாமே இனிமே அவர், நீங்க அதுல தலையிடவே கூடாது. இதை தண்டனையா நெனைக்காதீங்க. 1930கள் நெருக்கடில அமெரிக்காவுல ஓக்லாண்ட்ல வளர்ந்த பிள்ளைங்களை கிளென் எல்டர்னு ஒரு சமூகவியலாளர் ஆராய்ச்சி பண்ணினார், வருமானம் விழுந்த வீடுகள்ல டீன் ஏஜ் பசங்க வெளி வேலைக்கோ வீட்டு வேலைக்கோ தோள் கொடுத்தாங்க, அப்படி வீட்டுக்கு நெஜமாவே தேவைப்பட்டவங்க பொறுப்பானவங்களா வளர்ந்தாங்க, பின்னாடி பெருசா கெட்டும் போகல. தம்பியோட வயசு வேற, காலம் வேற, ஆனா தான் இல்லாட்டி ஒரு காரியம் நின்னு போகும்னு தெரிஞ்சா மனுஷன் எழுந்திருப்பான்.

பேசினபடி நடக்கலைன்னா அந்த மாசத்து கைச்செலவு நிக்கும், லெக்சர் கிடையாது, அப்பாகிட்ட புகாரும் கிடையாது. இதுல உங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம், முகத்தை பார்த்ததும் கை பர்சுக்கு போகும்.

இது மட்டும் தள்ளிப்போடக்கூடாது

தூக்கம் தலைகீழானது, ஆசையா பண்ணின விஷயத்துலயும் இஷ்டம் போனது, சாப்பாடு குறைஞ்சது, யாரையும் பார்க்க பிடிக்காதது இது எல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல சேர்ந்து இருந்தா மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் உண்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஒப்பந்தம் எல்லாம் அதுக்கு அப்புறம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" மாதிரி ஏதாவது சொல்லியிருந்தா, சாகணும்னு தோணுதானு நேரடியாவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் இருக்கு, அது தப்புனு ஆய்வுகள் சொல்லுது, கேக்குறது நிறைய பேருக்கு நிம்மதியைத்தான் தருது. ஆமானு பதில் வந்தா தனியா விடாதீங்க, அன்னைக்கே மருத்துவ உதவி தேடுங்க.

அப்பா விஷயம், சுருக்கமா. அவரை மாத்த முயற்சி பண்ணாதீங்க, மூணு மாசம் சாயங்காலத்துல வேலை பேச்சு எடுக்காம இருக்கணும், அவ்வளவு மட்டும் கேளுங்க. அவர் கோவத்துக்கு அடியில பயம்தான் இருக்கும், தனக்கு அப்புறம் இவன் என்ன பண்ணுவான்னு.

கடைசியா, இந்த பதிலை தம்பிகிட்ட காட்டலாமானு கேட்டீங்க. வேண்டாம். இது உங்களுக்கு எழுதினது, அவர் கைல போனா அக்கா ஊரைக் கூட்டி என்னை பத்தி பேசிட்டா மாதிரி ஆயிடும். அவருக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணும்னு தோணுச்சுன்னா அவரே எழுதட்டும், தன் பக்கத்து கதையை தன் வார்த்தையில. நீங்க டைப் பண்ணி கொடுக்காதீங்க.